தனிப்பிரிவு காப்பாற்றிய நாரைகள்

ஒரு பறவையைக் காப்பாற்ற அந்தப் பறவையைத் தவிர வேறு எதையும் கவனிக்கத் தேவையில்லை என்ற பேருண்மையை உலகுக்கு வழங்கிய பெருமை, மாவட்டச் சங்குவளை நாரைப் பெருக்கத் தனிப்பிரிவுக்கே உரியது. அதற்கு முன்னால் இருந்தவர்கள் காட்டைக் காப்பாற்று, தண்ணீரைக் காப்பாற்று, தவளையைக் காப்பாற்று என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நேராக நாரைக்கே வந்துவிட்டோம்.

அந்தத் தனிப்பிரிவில் 1996 முதல் 2000 வரை இளநிலை உதவியாளராக இருந்தவன் நான். பெயர் மதார். சொந்த ஊர் திருப்பாலைக்குடி. வாப்பா கடலுக்குப் போனவர். நாரைக்கும் எனக்கும் அதுவரை எந்தப் பழக்கமும் இல்லை. முன்கருத்து இல்லாத ஆள் வேண்டும் என்று திட்ட அலுவலர் பூமிநாதன் கேட்டிருந்தாராம். எனக்குக் கருத்தே இல்லை என்பதைப் பார்த்ததும் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டார்.

நாரைகள் இருந்தது உப்பூருக்கு மேற்கே, பிரண்டையேந்தல் கண்மாயில். அலுவலகம் இருந்தது மண்டபத்தில். நடுவில் எழுபது கிலோமீட்டர்.

"நிர்வாகத்துக்குப் பறவைப் பார்வை வேண்டும், மதார்," என்று பூமிநாதன் சார் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தபடி சொல்வார். "பக்கத்தில் போனால் விவரங்கள் தெரிய ஆரம்பித்துவிடும். விவரம் தெரிந்தால் முடிவெடுக்க முடியாது."

ஆனாலும் ஒருமுறையாவது நாரையைப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்து, 1996 மார்கழியில் ஜீப்பில் போனோம். எங்களை வரவேற்க இரண்டு பேர் கரையில் நின்றார்கள். ஒருவர், அந்த வருடம்தான் ஊராட்சித் தலைவியாக ஜெயித்திருந்த செவ்வந்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். இன்னொருவர் இருளாண்டி. மடையைத் திறந்து, யார் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பங்கிட்டு விடுகிற நீர்பாய்ச்சி.

கண்மாய்க்குள் நாட்டுக்கருவேலக் காடு. கழுத்தளவு தண்ணீரில் மரங்கள் நின்றன. மரங்களின் மேல் இலை தெரியாமல் பறவைகள். நாரை, கொக்கு, நீர்க்காகம், இன்னும் எனக்குப் பெயர் தெரியாதவை. ஒரே இரைச்சல்.

"எத்தனை நாரை?" என்று கேட்டார் பூமிநாதன் சார்.

"எண்ணுனதில்லைங்கய்யா," என்றார் இருளாண்டி.

"எண்ணாமல் இத்தனை காலம் எப்படிக் காப்பாற்றினீர்கள்?"

இருளாண்டி கண்மாயைக் கையால் காட்டினார். "நாங்க எங்கய்யா காப்பாத்துனோம்? தண்ணி கெடந்தா அது பாட்டுக்கு வருது. கார்த்திகைல வரும், குஞ்சு பொரிச்சு, பங்குனில கூட்டிக்கிட்டுப் போயிரும். அது எச்சம் விழுந்த தண்ணி வயலுக்குப் பாயுது. வயல்ல கெடக்குற தவளையும் நத்தையும் அது குஞ்சுக்குப் போகுது. அம்புட்டுத்தான்."

சார் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொள்ளுங்கள். 'உள்ளூர் மக்களிடம் பாதுகாப்புத் திட்டம் எதுவும் கிடையாது.'"

எழுதிக்கொண்டேன்.

அப்போது ஒரு நீர்க்காகம் தண்ணீரில் மூழ்கி, வாயில் மீனோடு எழுந்தது.

"அது யார்?"

"நீர்க்காகம் சார்."

"நம் திட்டத்தில் இருக்கிறதா?"

"இல்லை சார்."

"திட்டத்தில் இல்லாதவர்கள் நாரையின் மீனைத் தின்பதா?" சாருக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று மாலையே உத்தரவு தயாரானது. அதன்படி சோணைமுத்து என்ற காவலர் கரையில் அமர்த்தப்பட்டார். நீர்க்காகங்களைத் தகரம் தட்டி விரட்டுவது அவர் பணி. தகரத்தின் ஓசை நீர்க்காகங்களுக்கு மட்டுமே கேட்க வேண்டும் என்று உத்தரவில் தெளிவாகச் சொல்லியிருந்தோம். நாரைகள் உத்தரவைப் படிக்கவில்லை. தகரம் தட்டும்போதெல்லாம் அவையும் எழுந்து பறந்தன.

அடுத்த வாரமே செவ்வந்தி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "சார், பறவ மெரண்டு போகும்னு எங்க ஊர்ல தீவாளிக்கு ஒரு ஓலைவெடி போடமாட்டோம். எங்க பிள்ளைகளுக்கு வெடின்னா என்னன்னே தெரியாது. நீங்க பொழுதன்னிக்கும் தகரத்தத் தட்டுறீங்களே?"

"நீங்கள் போட்டால் அது சத்தம்," என்றார் சார். "நாங்கள் போட்டால் அது மேலாண்மை."

பிறகு விதிகள் வந்தன. கண்மாய்க்குள் மாடு இறங்கக் கூடாது. விறகு பொறுக்கக் கூடாது. மீன் பிடிக்கக் கூடாது. மண்வெட்டி கொண்டுவரக் கூடாது. கடைசி விதியில்தான் சிக்கல் வந்தது.

பிரண்டையேந்தலில் ஆற்றுத் தண்ணீர் கிடையாது. ஐப்பசி மழையில் மேற்கே ஓடையில் வருகிற வெள்ளத்தை ஒரு வரத்துக்கால் வழியாகத் திருப்பித்தான் கண்மாயை நிரப்ப வேண்டும். வருடம் தவறாமல் ஆடியிலோ ஆவணியிலோ வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு போய், அந்தக் காலில் சேர்ந்த மண்ணை அள்ளி, மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலை வெட்டிச் சுத்தம் செய்வார்கள். அந்த வரத்துக்காலின் கடைசி இருநூறு அடி எங்கள் எல்லைக்குள் இருந்தது.

முதல் வருடம் விதியை மதித்து விட்டுவிட்டார்கள். பழைய ஆழம் இருந்ததால் ஓரளவு தண்ணீர் வந்தது. இரண்டாம் வருடம், 1998 ஆடியில், செவ்வந்தி மூன்று பஸ் மாறி மண்டபம் வந்தார். கையில் மனு.

சார் மனுவை இரண்டு முறை படித்தார். "அம்மா, இதில் மண் இருக்கிறது, கால்வாய் இருக்கிறது, நெல் இருக்கிறது. நத்தைகூட இருக்கிறது. நாரை எங்கே?"

"கடைசி வரில இருக்கு சார். தண்ணி வந்தாத்தான நாரை வரும்?"

"முதல் வரியில் இருந்திருந்தால் பரிசீலித்திருப்பேன்."

"நாரைக்கு ஒண்ணும் எடைஞ்சல் வராது சார். ஆடில அங்கன நாரையே கெடையாது."

பூமிநாதன் சார் புன்னகைத்தார். "இல்லாத நாரையும் நாரைதான் அம்மா. எங்கள் பாதுகாப்பு வருடம் முழுவதும் உண்டு."

அது வெறும் பேச்சு இல்லை. எங்கள் மாதாந்திர அறிக்கையில் ஆடிக்கும் நாரை உண்டு, சித்திரைக்கும் உண்டு. முதல் வருட இலக்கு நானூறு. இரண்டாம் வருடம் நானூற்று ஐம்பது. மூன்றாம் வருடம் ஐந்நூறு. நான்காம் வருடம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. நாரைகள் வந்தாலும் வராவிட்டாலும் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டோம். ஓர் உயிரினத்துக்கு இதைவிட உறுதியான வாழ்வை எந்தக் காடும் தந்ததில்லை.

ஐப்பசியில் நல்ல மழை. அறிக்கை எழுத என்னை அனுப்பினார் சார். நான் போனபோது இருளாண்டி குடை இல்லாமல் ஓடைக்கரையில் நின்றுகொண்டிருந்தார். செம்மண் நிறத்தில் வெள்ளம் சுழித்து ஓடியது. வரத்துக்காலின் வாயில் மண்மேடு. வெள்ளம் அதில் முட்டி, கொஞ்சம் கசிந்து, மீதி அப்படியே கிழக்கே திரும்பி உப்பூர்க் கடலை நோக்கிப் போனது.

"தம்பி, நம்ம வாசப்படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகுது பாருங்க," என்றார் இருளாண்டி. குரல் உடைந்திருந்தது. "ரெண்டு ஆளு, அரை நாள் வேலை. வெட்டிவிட்டா உள்ள வந்துரும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தது தெரிந்தது. அறிக்கையில், 'மழை திருப்திகரமாகப் பெய்தது' என்று எழுதினேன். உண்மைதானே?

அந்த வருடம் கண்மாயில் இடுப்பளவுதான் தண்ணீர். ஆனாலும் நாரைகள் வந்தன, கூடு கட்டின. தை பிறந்ததும் தண்ணீர் வற்றத் தொடங்கியது. வயல் காய்ந்ததால் தவளை இல்லை, நத்தை இல்லை. மரத்தடியில் தண்ணீர் இல்லாததால் நாய்களும் நரிகளும் தாராளமாக நடமாடின. பசித்த குஞ்சுகள் கூட்டிலிருந்து விழுந்தன.

சோணைமுத்து பதறிப்போய்த் தகவல் அனுப்பினார். அவசரக் கூட்டம் நடந்தது. கூட்டம் என்றால் நானும் சாரும்.

"நாரை எதைத் தின்னும்?"

"மீன் சார்."

"மண்டபத்தில் எது அதிகம்?"

"மீன் சார்."

"பிரச்சினை முடிந்தது."

துறைமுகத்தில் எட்டுக் கூடை சூடை மீன் கேட்டோம். எதற்கு என்று விசாரித்த வியாபாரி, கேட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். "தம்பி, செத்த மீனை ஐஸ் வச்சுத் திங்கிறதுக்கு நாரை என்ன நம்மள மாதிரியா?" என்றார். இந்தக் கருத்து அலுவலக வழியில் வராததால் பதிவு செய்யப்படவில்லை. கூடைகள் வேனில் போய், காய்ந்த கண்மாயின் நடுவே கொட்டப்பட்டன. நாரைகள் மேலிருந்து பார்த்தன. பருந்துகள் இறங்கின. சுற்றுவட்டாரத்து நாய்கள் அனைத்தும் வந்து சேர்ந்தன. மீன் தீர்ந்ததும் அவை கீழே கிடந்த குஞ்சுகளின் பக்கம் திரும்பின.

மாசி முதல் வாரத்தில் பெரிய நாரைகள் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. அந்த வாரம் நான் அங்கே இருந்தேன். செவ்வந்தியும் நாலைந்து பெண்களும் உயிரோடிருந்த குஞ்சுகளைக் கூடையில் எடுத்துப்போய் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. இருளாண்டி கண்மாய்க்குள்ளேயே ஒரு குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தார். வெட்டும்போது அவர் வாய்விட்டு அழுதார். எழுபது வயதுக்காரர் ஒருவர் பறவைக்காக அழுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்று மண்ணைத் தள்ளினேன்.

'தடைசெய்யப்பட்ட பகுதியில் மண்வெட்டி பயன்படுத்தியமைக்காக' அவருக்கு எச்சரிக்கை நோட்டீஸ் போனது. தட்டச்சு செய்தது நான்தான். அந்த மாத அறிக்கையில் நாரை எண்ணிக்கை ஐந்நூறு. குஞ்சுகளை, 'கூட்டிலிருந்து தரைக்கு இடம் பெயர்ந்தவை' என்று குறிப்பிட்டோம்.

நெல் பதராய்ப் போனது. பாதி ஊர் திருப்பூருக்கு வேலைக்குப் போனது. இருளாண்டி தன் இரண்டு மாடுகளையும் விற்றுவிட்டார்.

1999 ஆடியில் அவர் செவ்வந்தியிடம் போய், "தலைவரம்மா, நான் வெட்டப் போறேன். நோட்டீஸ் வந்தா என் பேருக்கு வரட்டும்," என்று சொல்லியிருக்கிறார்.

"உங்க பேருக்கு மட்டும் எதுக்கு? நானும் வாரேன்," என்று செவ்வந்தியும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். கூடப் பத்துப் பேர். பட்டப்பகலில், தகரம் தட்டுகிற சோணைமுத்துவின் கண்முன்னாலேயே வரத்துக்காலில் இறங்கினார்கள். பாதி வெட்டுவதற்குள் சார் போலீசோடு வந்துவிட்டார். தலைவி மேல் வழக்குப் போட்டால் பத்திரிகையில் வரும் என்பதால், இருளாண்டி மேல் மட்டும் போட்டோம். குற்றம்: 'கூடுகட்டி அடைகாத்துக்கொண்டிருந்த 512 சங்குவளை நாரைகளுக்கு இடையூறு விளைவித்தல்.' அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. வழக்கு முடியும்வரை வரத்துக்காலை யாரும் தொடக் கூடாது என்று தடையும் வாங்கினோம். அந்த வருட மழையும் வந்த வழியே கடலுக்குப் போனது.

மார்கழியில் விசாரணை. இருளாண்டிக்காக வாதாடியவர் காலிதா என்ற இளம் வழக்கறிஞர். என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

"ஆடி மாதம் பிரண்டையேந்தலில் நாரை இருக்குமா?" என்று கேட்டார் காலிதா.

"அலுவலகப் பதிவேட்டின்படி இருக்கும்."

"உங்கள் கண்ணின்படி?"

பூமிநாதன் சார் என்னைப் பார்த்தார். இருளாண்டி என்னைப் பார்க்கவில்லை. தலைகுனிந்து, தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கைகள் வெட்டிய குழி என் நினைவுக்கு வந்தது.

"ஒன்றுகூட இல்லை," என்றேன்.

"அப்படியானால் இந்த ஐந்நூற்றுப் பன்னிரண்டு?"

"அது இலக்கு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இலக்கு எப்படி அடைகாக்கும்?"

"மாதாமாதம் சார்," என்றேன்.

சிரிப்பு அடங்கக் கொஞ்சநேரம் ஆனது. இருளாண்டி விடுதலையானார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதைப் போன வருசம் சொல்லியிருந்தா தண்ணி வந்திருக்குமே தம்பி," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அலுவலகம் எனக்கு ஒரு குறிப்பாணை அனுப்பியது. 'அலுவலகப் பதிவேட்டில் உள்ள 512 நாரைகளை நேரில் காணத் தவறியமைக்கு' விளக்கம் கேட்டிருந்தார்கள். கண்மாய்க்கு அந்த வருடம் நாரைகள் வரவே இல்லை. எங்கள் பதிவேட்டை விட்டு மட்டும் அவை போகவில்லை. அதைப் பாராட்டி பூமிநாதன் சாருக்குச் சென்னையில் விருது அறிவித்தார்கள்.

அவர் விருது வாங்கப் புறப்படும் நேரத்தில் ஒரு செய்தி வந்தது. பிரண்டையேந்தலுக்குத் தெற்கே இரண்டு மைலில் இருக்கும் ஆவாரங்குளம் என்ற சின்னக் கண்மாயில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றனவாம். எங்கள் வரைபடத்தில் அந்தக் கண்மாயே கிடையாது.

"தப்பிப்போன நம் நாரைகள்!" சார் துள்ளி எழுந்தார். "மதார், உடனே போங்கள். நேரில் பார்த்துச் சான்றளியுங்கள். நான் திரும்பி வந்ததும் எல்லை போட்டுவிடலாம். பலகை தயார். தகரம் தயார்." என்னை அனுப்புவதில் அவருக்கு விருப்பமில்லைதான். ஆனால் தனிப்பிரிவில் வேறு ஆள் கிடையாது.

ஆவாரங்குளத்துக் கரையில் ஏறியதும் இரைச்சல் காதை அடைத்தது. கண்மாய் நிறையத் தண்ணீர். அதன் நடுவே கருவேலமரங்கள். கிளைக்குக் கிளை நாரைக் கூடுகள். கீழ்க்கிளைகளில் நீர்க்காகங்கள். எருமைகள் தண்ணீரில் கிடந்தன. இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மடைப்பக்கம் இருளாண்டி நின்றுகொண்டிருந்தார். தன் ஊரில் வேலையில்லாமல் போனதால் இந்த ஊர்க்காரர்கள் அவரை அழைத்து வந்து, தங்கள் வரத்துக்காலைச் சுத்தம் செய்யும் வேலையை ஒப்படைத்திருந்தார்கள். செவ்வந்தியும் அங்கே இருந்தார். அவருடைய அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அது.

என்னைக் கண்டதும் தூண்டில் போட்டவர்கள் எழுந்தார்கள். எருமைக்காரர் எருமைகளை அவசரமாக ஓட்டினார். எல்லார் முகத்திலும் ஒரே பயம்.

செவ்வந்தி வேகமாக எதிரே வந்தார். "வாங்க சார். இங்கன நாரை எதுவும் இல்ல சார்."

அவர் தலைக்கு மேலே ஒரு சங்குவளை நாரை, அலகில் சுள்ளியோடு தாழப் பறந்துபோனது. அதன் நிழல் அவர் முகத்தில் விழுந்து நகர்ந்தது.

"அது?" என்று கேட்டேன்.

"கொக்கு சார்."

"மரத்தில் இருப்பது?"

"அதுவும் கொக்குதான்."

"மஞ்சள் மூக்கோடு?"

செவ்வந்திக்குக் கண் கலங்கிவிட்டது. இருளாண்டி பக்கத்தில் வந்து, "கொஞ்சம் பெரிய கொக்கு தம்பி," என்றார் மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை. நான் கரையில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். நாலு வருடத்தில் நான் எழுதிய அறிக்கைகளிலேயே அதைத்தான் அதிகக் கவனத்தோடு எழுதினேன். 'ஆவாரங்குளம் கண்மாய் நேரில் தணிக்கை செய்யப்பட்டது. சங்குவளை நாரை எதுவும் காணப்படவில்லை. வெறும் கொக்கு.' கீழே கையெழுத்துப் போட்டு, தேதி இட்டு, முத்திரை குத்தினேன்.

இலக்கை முழுமையாக எட்டிவிட்டதால் அந்த வருடமே தனிப்பிரிவு மூடப்பட்டது. பூமிநாதன் சார் பதவி உயர்வில் போனார். நான் வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டேன். மண்வெட்டி விதியும் தனிப்பிரிவோடு போனதால் பிரண்டையேந்தல்காரர்கள் வரத்துக்காலை வெட்டிவிட்டார்கள். ஆவாரங்குளத்து நாரைகள் இப்போது அங்கும் பரவி, வருடாவருடம் வந்துபோகின்றன.

இத்தனை கூட்டம், இத்தனை உத்தரவு, இத்தனை தகரத்துக்குப் பிறகு எங்கள் தனிப்பிரிவு காப்பாற்றிய நாரைகள் அவை மட்டும்தான். அவை உயிரோடிருப்பது எங்கள் பதிவேட்டுக்குத் தெரியாது. அதனால்தான் உயிரோடிருக்கின்றன.